அப்புறம் பாத்துக்கலாம்னு விட்ட பேப்பர் வேலைகள்: ஒண்ணொண்ணா முடிக்க ஒரு வழிகாட்டி

நம்ம ஊர்ல பாதி வீட்டு பீரோவுல ஒரு ஜவுளிக்கடை கவர் இருக்கும், அதுக்குள்ள தாத்தா பேர்ல இருக்கிற பட்டா, பிரீமியம் கட்டாம நின்னுபோன எல்ஐசி பாண்டு, பேர் சேர்க்காத பிறப்புச் சான்று, எப்பவோ காலாவதி ஆன டிரைவிங் லைசென்ஸ்னு எல்லாம் ஒண்ணா கிடக்கும். கேட்டா "ஆடி போகட்டும்", "பொங்கல் முடியட்டும்", "பசங்க பரீட்சை முடியட்டும்"னு ஒரு பதில் ரெடியா இருக்கும். அந்த கவரைத் திறக்கவே கை வராத ஆளுங்களுக்குத்தான் இதை எழுதுறேன். அப்பா போனப்புறம் அவர் தள்ளிப்போட்டதும் நான் தள்ளிப்போட்டதும் சேர்ந்து என் தலைல விழுந்துச்சு, அதுல அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா சொல்றேன். தமிழ்நாட்டு நடைமுறையை வச்சு எழுதியிருக்கேன். கட்டணமெல்லாம் அப்பப்போ மாறும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்குங்க.

1. முதல்ல சோம்பேறின்னு திட்டிக்கிறதை நிறுத்துங்க

இது ஆறுதலுக்குச் சொல்றது இல்ல. சோம்பேறின்னா எல்லாத்துலயும் சோம்பேறியா இருக்கணும்ல? நீங்க காலைல டைமுக்கு ஆபீஸ் போறீங்க, ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் முன்னாடி நிக்கிறீங்க, தட்கல் டிக்கெட் எடுக்க சரியான நேரத்துக்கு மொபைலும் கையுமா உக்காருறீங்க. ஆனா அந்த ஒரு ஃபாரம் மட்டும் அப்படியே கிடக்கு. கனடால டிம் பிச்சில்னு ஒரு உளவியல் பேராசிரியர் இதைப் பத்தியே பல வருஷம் ஆய்வு பண்ணவர். அவர் சொல்றது, தள்ளிப்போடுறது டைம் மேனேஜ்மென்ட் கோளாறு இல்ல, அந்த வேலையை நினைச்சதும் மனசுல வர்ற ஒரு வேண்டாத உணர்ச்சியைத்தான் நாம தள்ளிவிடுறோம், வேலை அதோட சேர்ந்து போயிடுது.

பேப்பர் வேலைல அந்த உணர்ச்சி பெரும்பாலும் நாலுல ஒண்ணா இருக்கும். புரியல, அதாவது எந்த ஆபீஸ், எந்த ஃபாரம்னே தெரியல. பயம், அபராதம் எவ்வளவு போடுவாங்களோங்கிறது. கூச்சம், "இத்தனை வருஷமா என்ன பண்ணீங்க"ன்னு கவுண்டர்ல கேட்டுட்டா? நாலாவது, யார்கிட்டயோ பேசணும், அதுக்கு மனசு வரல. சித்தப்பாகிட்ட கையெழுத்து கேக்கணும், அவரோட பேச்சுவார்த்தையே இல்ல, அதனால பட்டா நிக்குது. வெளிய இருந்து பாத்தா இது நாலும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா மருந்து வேற வேற. புரியாததுக்கு ஒரு போன் போதும், பயத்துக்கு அபராதத் தொகையை எழுதிப் பாத்தா போதும், கூச்சத்துக்கு ஒண்ணுமே வேண்டாம், ஏன்னா கவுண்டர்ல இருக்கிறவர் உங்களை மாதிரி ஒரு நாளைக்கு நாப்பது பேரைப் பாக்குறார், உங்க கதை அவருக்குத் தேவையில்ல. நாலாவதுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேணும், கீழ வரேன்.

கார்ல்டன் பல்கலைக்கழகத்துல 2010-ல வந்த ஒரு ஆய்வுல, முதல் பரீட்சைக்குப் படிக்காம தள்ளிப்போட்ட மாணவர்கள்ல எவங்க தன்னைத்தானே மன்னிச்சு விட்டாங்களோ அவங்க அடுத்த பரீட்சைக்குத் தள்ளிப்போட்டது குறைஞ்சிருந்துச்சு. திட்டத் திட்ட அந்த கவர் இன்னும் கனமாத்தான் ஆகும்.

2. ஒரு நோட்டுல நாலு கட்டம் போடுங்க

பழைய நோட்டு போதும். ஆப் டவுன்லோடு பண்ணாதீங்க, பிளானர் வாங்காதீங்க, கலர் பேனா தேடாதீங்க, அதெல்லாம் வேலை செய்ற மாதிரியே இருக்கிற தள்ளிப்போடுதல்தான். கவரைத் தரைல கொட்டுங்க, ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வரி, வேலை என்ன, கடைசி தேதி என்ன, பிந்தினா எவ்வளவு செலவு, எங்க முட்டி நிக்குது.

கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதுல "டைம் இல்ல"ன்னு எழுதக்கூடாது. நிஜமான காரணத்தை எழுதணும். "லைசென்ஸ் புதுப்பிக்கணும் - டாக்டர் சர்டிபிகேட் எந்த டாக்டர்கிட்ட வாங்கணும்னு தெரியல." "அம்மா பேங்க் அக்கவுண்ட் - பேர் ஆதார்ல லக்ஷ்மி, பாஸ்புக்ல லெட்சுமி." "பட்டா - சின்ன அத்தை கையெழுத்து." இப்படி எழுதினவுடனே பாதி வேலை சின்னதாயிடும், ஏன்னா இதுவரைக்கும் மனசுல "பட்டா"ன்னு ஒரு பெரிய மலையா இருந்தது இப்போ "சின்ன அத்தைக்கு ஒரு போன்"னு ஆயிடுச்சு.

அரை மணி நேரத்துக்கு மேல இதுக்கு எடுக்காதீங்க. கொட்டின பேப்பரை எல்லாம் அன்னைக்கே வகை பிரிச்சு ஃபைல் போட்டு லேபிள் ஒட்டணும்னு இறங்கினா சாயந்தரம் இடுப்பு பிடிச்சு மறுபடி அதே கவருக்குள்ள எல்லாம் போயிடும்.

3. தேதி இருக்கிற வேலைகளைத் தனியா எடுங்க, விலையைப் பாருங்க

எல்லா பாக்கி வேலையும் ஒண்ணு இல்ல. சிலதுக்கு சட்டத்துலயே கெடு இருக்கு, தாண்டினா பணம் போகும் இல்ல உரிமை போகும். வீட்டுக்கு வீடு வர்றது இதெல்லாம்:

வருமானவரி ரிட்டர்ன். சம்பளக்காரங்களுக்கு வழக்கமா ஜூலை 31. தாண்டினா டிசம்பர் 31 வரைக்கும் போடலாம், ஆனா தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000. வரி பாக்கி இருந்தா மாசம் 1% வட்டி தனி. நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, பிந்திப் போட்டா பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதாவது வீட்டுக்கடன் வட்டி, பிஎஃப், எல்ஐசின்னு கழிவு காட்டலாம்னு வருஷம் முழுக்க கணக்குப் போட்டு வச்சவருக்கு அது மொத்தமும் கையை விட்டுப் போகும், இதுக்கு முன்னாடி அந்த 5,000 ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணு, ரிட்டர்ன் போட்டுட்டு 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும், ஆதார் ஓடிபி போட்டா ரெண்டு நிமிஷ வேலை, அதையும் "அப்புறம்"னு விட்டுட்டு ரீஃபண்ட் வரலைன்னு காத்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க உண்டு.

டிரைவிங் லைசென்ஸ். முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே புதுப்பிக்கலாம். முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ளயும் விட்டுட்டா மறுபடி வண்டி ஓட்டிக்காட்டி டெஸ்ட் பாஸ் பண்ணணும். இருபத்தஞ்சு வருஷமா ஓட்டுறவர் பதினெட்டு வயசுப் பசங்களோட வரிசைல நின்னு எட்டு போடணும், யோசிச்சுப் பாருங்க. 40 வயசு தாண்டினவங்களுக்கு படிவம் 1ஏ-ல டாக்டர் சான்று வேணும். லைசென்ஸ் செல்லாம ஓட்டி மாட்டினா 5,000 ரூபாய்.

வண்டி இன்சூரன்ஸ். முடிஞ்சு 90 நாள் தாண்டினா இத்தனை வருஷம் கிளெய்ம் பண்ணாம சேர்த்து வச்ச போனஸ் தள்ளுபடி மொத்தமா போயிடும். போலீஸ் பிடிச்சா முதல் தடவை 2,000. அதை விடுங்க, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருத்தர் மேல மோதிட்டா கோர்ட் சொல்ற இழப்பீடு உங்க சொத்துலேர்ந்துதான் போகணும். என்னைக் கேட்டா லிஸ்ட்ல எது எங்க இருந்தாலும் இதை இன்னைக்கு ராத்திரியே மொபைல்ல முடிச்சிடுங்க.

பிறப்பு, இறப்புப் பதிவு. 21 நாளுக்குள்ள இலவசம். 30 நாள் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட போகும். அதுக்கு மேல போனா மேல ஒரு அதிகாரி அனுமதி வேணும், ஒரு வருஷம் தாண்டினா வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ்ல (லைசென்ஸ் தர்ற ஆர்டிஓ இல்ல) உத்தரவு வாங்கணும். குழந்தைக்குப் பேர் வைக்காமலே பிறப்பைப் பதிஞ்சிருப்பாங்க, அதுல பேர் சேர்க்க 12 மாசம் வரை கட்டணம் இல்ல, அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட. பையன் பத்தாவது வரும்போதுதான் நிறைய வீட்ல இது ஞாபகம் வருது.

நின்னுபோன எல்ஐசி. கட்டாம விட்ட முதல் பிரீமியத்துலேர்ந்து 5 வருஷத்துக்குள்ள வட்டியோட கட்டி உயிர்ப்பிக்கலாம், உடம்பு நல்லா இருக்குன்னு சான்றும் கேக்கலாம். வருஷம் ஏற ஏற வட்டியும் ஏறும், உங்க சுகரும் ஏறும்.

பான்-ஆதார் இணைப்பு. 2022 மார்ச் வரைக்கும் சும்மா செஞ்சிருக்கலாம், அப்புறம் மூணு மாசம் 500, அதுக்கப்புறம் 1,000. இன்னும் இணைக்கலைன்னா பான் செயல்படாம இருக்கும், பேங்க்ல வட்டிக்கு வரி அதிகமா பிடிப்பாங்க.

சொத்துவரி. இதுல மட்டும் முன்கூட்டியே கட்டினா பரிசு உண்டு, நகராட்சி மாநகராட்சில அரையாண்டு வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள்ள கட்டினா 5% தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை.

பாஸ்போர்ட். சாதாரணமா 36 பக்கத்துக்கு 1,500, தட்கல்னா இன்னொரு 2,000. பல நாடுகள் ஆறு மாசமாவது செல்லுபடி மிச்சம் இருக்கணும்னு கேக்குறதால டிக்கெட் போட்டப்புறம் பாக்குற விஷயம் இல்ல இது.

இந்தத் தொகையை எல்லாம் உங்க நோட்டுல மூணாவது கட்டத்துல எழுதுங்க. பயந்து கண்ணை மூடிக்கிட்டு இருந்தது சிலசமயம் 1,000 ரூபாய் விஷயமாத்தான் இருக்கும், எழுதினாத்தான் தெரியும்.

4. தேதியே இல்லாத வேலைதான் ஆபத்து

கெடு இருக்கிற வேலை எப்படியோ கடைசி நாள் ஓடிப்போய் முடிஞ்சிடும். கெடுவே இல்லாதது தலைமுறை தாண்டும். பட்டா மாத்தலைன்னா யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டாங்க, நிலத்துல விவசாயமும் நடக்கும், வரியும் கட்டலாம், ஒரு குறையும் தெரியாது. ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கு, வாரிசுகள் கூடிக்கிட்டே போறாங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. தாத்தா இறந்தப்போ பாட்டியும் நாலு பிள்ளைகளும்தான், அஞ்சு கையெழுத்து, எல்லாரும் ஒரே தெருவுல. இப்போ அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் இல்ல, அவங்க மனைவி, பிள்ளைங்க எல்லாம் உள்ள வந்தாச்சு, ஒருத்தர் துபாய்ல, ஒருத்தர் சிங்கப்பூர்ல, ஒரு அண்ணி யாரோடயும் பேசுறதில்ல. இறந்துபோன ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா இறப்புச் சான்று, தனித்தனியா வாரிசுச் சான்று. வெளிநாட்டுல இருக்கிறவர் பவர் எழுதிக் கொடுக்கணும்னா அங்க இந்தியத் தூதரகத்துல அத்தாட்சி வாங்கி அனுப்பணும், அது இந்தியாவுக்கு வந்து 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரைத்தீர்வை கட்டணும், அதையும் பீரோவுல வச்சு கெடு தாண்டவிட்டு மறுபடி முதல்லேர்ந்து எழுதச் சொன்ன வீடுகள் இருக்கு. ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு சும்மாவா சொன்னாங்க.

பணமும் ஏறுது. குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினை பத்திரம் போட்டா ஒரு பங்குக்கு முத்திரைத்தீர்வை 1%, அதுக்கு உச்சவரம்பு 25,000-ஆ இருந்தது 2023 ஜூலைல 40,000 ஆச்சு, பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000-லேர்ந்து 10,000 ஆச்சு. அந்த ஜூன்ல முடிச்சவருக்கும் ஆகஸ்ட்ல போனவருக்கும் ஒரு பங்குக்கே 21,000 ரூபாய் வரைக்கும் வித்தியாசம்.

இறந்தவர் பேர்ல இருக்கிற பட்டாவுக்குத் தேவைப்படுறது பெரும்பாலும் இதுதான்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுகளோட ஆதார். வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும் இ-சேவை மையத்துலயே போடலாம், சேவைக் கட்டணம் 60 ரூபாய். வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்துல காசு இல்லாம பாத்து இறக்கிக்கலாம், அதுக்கு யாராவது 500 கேட்டா கொடுக்காதீங்க. பட்டா விதிப்படி உட்பிரிவு இல்லைன்னா 15 நாள், சர்வேயர் வந்து பிரிக்கணும்னா 30 நாள், நீங்க மனசுல ரெண்டு மடங்கு வச்சுக்குங்க.

கெடு இல்லாத வேலைக்கு நாமளே ஒரு கெடு வைக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க, என் அனுபவத்துல நமக்கு நாமே வைக்கிற கெடு நிக்காது, நாமதானே வச்சோம்னு நாமே தளர்த்திடுவோம். வெளியாள் ஒருத்தரைச் சேர்த்துக்குங்க. வருஷா வருஷம் மே, ஜூன் வாக்குல தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்கைத் தணிக்கை பண்ணி மனுவும் வாங்குற நாள் நடக்கும், உங்க வருவாய் கிராமத்துக்கு எந்த நாள்னு விஏஓ சொல்லுவார், அந்த நாளையே கெடுவா வச்சுக்குங்க, அது உங்களுக்காகத் தள்ளிப்போகாது. இல்லாட்டி ஊர் திருவிழாவுக்கு எல்லாரும் வரும்போதே கையெழுத்து வாங்குறதுன்னு முடிவு பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க.

பேசாம இருக்கிற சொந்தக்காரர் கையெழுத்துக்கு ஒரு வார்த்தை. முதல் போன்லயே பத்திரத்தைப் பத்திப் பேசாதீங்க, அதே சமயம் நலம் விசாரிக்கிற சாக்குல மூணு மாசம் இழுக்கவும் கூடாது. "சித்தப்பா, தாத்தா பேர்ல இருக்கிறதை எல்லாரும் உயிரோட இருக்கும்போதே சரி பண்ணிக்கணும்னு பாக்குறேன், உங்க பங்கு உங்க பேர்லயே வரும், பேப்பரை உங்களுக்கு முதல்ல அனுப்புறேன், படிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னு சொல்லிடுங்க. பெரும்பாலான சண்டை தன்னை ஏமாத்திடுவாங்களோன்னு நினைக்கிறதுலதான் இருக்கு.

5. எல்லாத்துக்கும் அடியில இருக்கிற ரெண்டு வேலையை முதல்ல முடிங்க

நோட்டுல கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழ படிச்சுப் பாருங்க. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். அனேகமா அது ஆதார்ல இருக்கிற போன் நம்பர். பழைய சிம் போயிடுச்சு, ஓடிபி வராது, அதனால ரிட்டர்ன் வெரிஃபை ஆகல, பிஎஃப் எடுக்க முடியல, லைசென்ஸ் ஆன்லைன்ல போகல, டிஜிலாக்கர் திறக்கல. ஆறு வேலை நிக்குதுன்னு நினைச்சீங்க, நிக்கிறது ஒண்ணுதான். ஆதார் சேவை மையத்துல நம்பர் மாத்த 75 ரூபாய், விரல் வச்சா போதும். இதை விட்டுட்டு மத்ததை ஆரம்பிக்கிறதுல அர்த்தமே இல்ல.

ரெண்டாவது பேர். நம்ம ஊர்ல இனிஷியல் ஒரு தலைவலி, ஒரு கார்டுல எஸ். முருகேசன், இன்னொண்ணுல முருகேசன் சுப்பையா, பாஸ்புக்ல முருகேஷன். எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ணணும்னு நினைச்சுத்தான் நிறைய பேர் ஆரம்பிக்கவே மாட்டாங்க. எந்தப் பேரை மூலமா வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க, படிச்சவங்களுக்கு பத்தாவது மார்க் ஷீட், மத்தவங்களுக்கு பிறப்புச் சான்று. முதல்ல ஆதாரை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, அப்புறம் பான், அப்புறம் பேங்க், இந்த வரிசைல போனா ஒண்ணு அடுத்ததுக்கு ஆவணமாயிடும். ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு சில இடத்துல நோட்டரி அஃபிடவிட் போதும்பாங்க, சில இடத்துல கெஜட் கேப்பாங்க, அந்தந்த ஆபீஸ்ல கேக்காம முன்கூட்டியே கெஜட்டுக்குக் காசு கட்டாதீங்க.

6. முதல் அடியை அவமானப்படுற அளவுக்குச் சின்னதா வைங்க

"இந்த வாரம் லைசென்ஸ்"னு எழுதினா நடக்காது. "புதன்கிழமை காலை பையனை ஸ்கூல்ல இறக்கினதும் எதிர்ல இருக்கிற கிளினிக்ல 1ஏ படிவம் போட்டுத் தருவீங்களான்னு கேக்கணும்"னு எழுதினா நடக்கும். எப்போ, எங்க, எதுக்கு அப்புறம்னு மூணும் இருக்கணும், பீட்டர் கோல்விட்சர்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் இப்படி முடிச்சுப் போட்டு வைக்கிற திட்டம் வெறும் நல்லெண்ணத்தை விட அதிகமா நிறைவேறுதுன்னு சோதனைகள் வச்சே காட்டியிருக்கார். ஏற்கெனவே தினம் செய்ற ஒரு வேலையோட வாலைப் பிடிச்சுக் கட்டுறதுதான் இதுல சூட்சுமம்.

நேரக் கணக்குலயும் ஏமாறாதீங்க. 1994-ல வந்த ஒரு கனடா ஆய்வுல மாணவர்கள் தீசிஸ் முடிக்க சராசரியா 34 நாள் ஆகும்னு சொன்னாங்க, ஆனது 55 நாளுக்கும் மேல. அதுல தாசில்தாரும் இல்ல, சர்வரும் டவுன் ஆகல.

7. ஆபீஸ் போற நாள்

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போகாதீங்க, கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் இருக்கும், அதிகாரிங்க பாதி பேர் அங்க இருப்பாங்க. பேங்க்குக்கு மாசம் முதல் வாரமும் ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமையும் வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன் காலைல திறந்ததும் போய் நிக்கிறதுதான் நல்லது. ராகு காலம் பாக்குறவங்க பாத்துக்குங்க, ஆனா புதன்கிழமை பன்னெண்டு டு ஒன்றரை போனதும் லஞ்ச், லஞ்ச் போனதும் நாலு மணி, அந்த நாளே போச்சு, இதுக்கு நல்ல நேரம்னா கவுண்டர்ல ஆள் இருக்கிற நேரம்தான்.

பையில இருக்க வேண்டியது: ஒரிஜினல் எல்லாம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜெராக்ஸ், நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நீல பேனா, கோந்து, சில்லறையா ஒரு முன்னூறு ரூபாய். ஜெராக்ஸ்ல நீங்களே கையெழுத்து போட்டு வைங்க, அங்க போய் முழங்கால்ல வச்சு போட வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்கேன் ஃபைல் போன்ல இருக்கான்னு பாருங்க, இ-சேவைல சைஸ் பெருசா இருக்குன்னு சொன்னா அங்கயே குறைச்சுக்கலாம். சாப்பாட்டுக்கும் ஏதாவது வச்சுக்குங்க, பசில "சரி நாளைக்கு வரலாம்"னு திரும்பிவர்றதுதான் அதிகம்.

அன்னைக்கு அந்த ஒரு வேலை மட்டும். பக்கத்துலதானே இருக்குன்னு ரேஷன் கார்டையும் சேர்த்துக்கிட்டா ரெண்டும் நடக்காது. வெளிய வரும்போது கைல ஒப்புகை ரசீது இருக்கணும், அதுல இருக்கிற விண்ணப்ப எண்ணை வாசல்லயே போட்டோ எடுத்துடுங்க. ரசீது இல்லாம "கொடுத்துட்டுப் போங்க, பாத்துக்குறோம்"னு சொன்னா கொடுக்காதீங்க.

8. காசு கொடுத்து ஆள் வைக்கலாமா?

சிலதுக்கு வைக்கலாம், இதுல வீராப்பு தேவையில்ல. வருமானவரி ரிட்டர்ன் நீங்களா போடப் பயந்து வருஷா வருஷம் 5,000 அபராதம் கட்டுறதுக்கு ஒரு ஆடிட்டர்கிட்ட கொடுத்துடலாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தை நிச்சயமா வக்கீல் இல்ல பத்திர எழுத்தர் வச்சுத்தான் எழுதணும், நெட்ல இருந்து இறக்கின மாதிரி வச்சு எழுதி நாலெல்லை தப்பாப் போனா பிழைத்திருத்தல் பத்திரம்னு இன்னொரு செலவு.

ஆபீஸ் வாசல்ல "சார் என்ன வேலை"ன்னு வர்றவர் வேற. அவர் செய்றதும் அதே இ-சேவைல அதே 60 ரூபாய் விண்ணப்பம்தான். உங்க ஒரிஜினல் அவர் பையில போனதும் பிரச்சினை, அவர் போன் எடுக்காத நாள்லேர்ந்து நீங்க மறுபடி தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் கிடைச்ச மாதிரி. யார்கிட்ட கொடுத்தாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க, ஆதார் ஓடிபியைச் சொல்லாதீங்க, உங்க நம்பரையே விண்ணப்பத்துல போடச் சொல்லுங்க.

9. நடுவுல நின்னுட்டா

நிறைய பேர் ஆரம்பிக்கிறதுல இல்ல, முதல் நிராகரிப்புலதான் விழுறாங்க. "ஆவணம் தெளிவில்லை"ன்னு ஒரு வரி மெசேஜ் வரும், மனசு விட்டுப்போகும், கவர் மறுபடி பீரோவுக்குள்ள. நிராகரிச்சா காரணம் போட்டிருப்பாங்க, பெரும்பாலும் மங்கலான ஸ்கேன், இல்ல ஒரு பேப்பர் குறை, அதே வாரத்துல மறுபடி போடுங்க, பழைய விவரமெல்லாம் ஞாபகத்துல இருக்கும்போதே போட்டா பத்து நிமிஷம்.

ஒண்ணும் சொல்லாம கிடந்தா விண்ணப்ப எண்ணை வச்சு விஏஓ லெவல்ல நிக்குதா, வருவாய் ஆய்வாளரா (ஆர்ஐ), தாசில்தாரான்னு ஆன்லைன்லயே பாருங்க, யார்கிட்ட நிக்குதோ அவரைப் போய்ப் பாருங்க. அப்பவும் நகரலைன்னா முதல்வர் உதவி மையம் 1100-க்குப் போன் பண்ணி புகார் பதியுங்க, இல்லாட்டி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுங்க. கோவமா எழுதாதீங்க, விண்ணப்ப எண், தேதி, எங்க நிக்குது, மூணு வரி போதும்.

10. எதுவுமே முடியலன்னா

பேப்பர் மட்டும் இல்ல, குளிக்க, சாப்பிட, போன் எடுக்கக்கூட தள்ளிப்போகுது, இது பல வாரமா இருக்குன்னா இந்தப் பட்டியல் எல்லாம் ஓரமா வைங்க. மனச்சோர்வுலயும் ஏடிஹெச்டிங்கிற கவனக்குறைவுப் பிரச்சினையிலயும் இப்படி ஆகும், அதுக்கு வைத்தியம் இருக்கு. அரசோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். வீட்ல துக்கம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னா அவசரக் கெடு உள்ளதை மட்டும் ஒரு மச்சானோ தங்கச்சியோ பாத்துக்கட்டும், மத்தது காத்திருக்கும். பேங்க்ல பத்து வருஷமா தொடாத டெபாசிட் ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போனாலும் வாரிசுகள் அந்த பேங்க்லயே கேட்டு வாங்கிக்கலாம், எந்த பேங்க்ல இருக்குன்னே தெரியலைன்னா 2023-லேர்ந்து ரிசர்வ் பேங்கோட உத்கம் தளத்துல பேர் போட்டுத் தேடலாம்.

11. கைக்கு வந்ததும் அன்னைக்கே செய்ய வேண்டியது

பத்திரம், சான்று எதையும் லேமினேட் பண்ணாதீங்க, பின்னாடி முத்திரை வைக்கவோ சரிபார்க்கவோ வரும்போது பிரிக்க முடியாது. ஸ்கேன் பண்ணி உங்களுக்கே மெயில் அனுப்புங்க. அடுத்த புதுப்பிப்பு தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாளை போன் காலண்டர்ல போடுங்க, கடைசி தேதியைப் போடாதீங்க. பேங்க் வேலையா போனா நாமினி யார்னு அங்கயே பாத்துடுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட அம்மா பேரே இன்னும் இருக்கும், 2025 நவம்பர்லேர்ந்து ஒரு அக்கவுண்டுக்கு நாலு பேர் வரைக்கும் போடலாம். அப்புறம் ஃபைல் எந்த அலமாரில எந்தத் தட்டுல இருக்குன்னு வீட்ல இன்னொருத்தருக்குக் காட்டி வைங்க, பீரோ சாவி எங்க இருக்குங்கிறதையும் சேர்த்து.